ஓடு இறுகும்வரை

பருவ வயது மகள் நண்டு பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் பாறை இடுக்கில் ஒடுங்கிக் கிடந்தது. புது ஓடு இன்னும் தோல்போல மெத்தென்று இருந்தது.

"ஆளு மட்டும் வளந்தா போதுமா? வெளிய வா," என்றது அப்பா நண்டு.

"நாலு நாள் விடுங்கப்பா. தானா இறுகிடும். இப்ப அலை பட்டாலே வலிக்குது."

அப்பாவுக்குப் பொறுமையில்லை. இறுகிவிட்டதா என்று தினமும் வந்து, கொடுக்கால் முதுகில் ஒரே இடத்தில் அழுத்திப் பார்த்தது. மகள் அலறும்போதெல்லாம், "இதுக்கே இந்த அழுகையா?" என்றது.

ஐந்தாம் நாள் ஓடு கல்லாகியிருந்தது. அழுத்திய இடத்துப் பள்ளமும் அதோடு சேர்ந்து இறுகியிருந்தது. அப்பா மறுபடி அழுத்தியது. மகள் அசையவில்லை.

"இப்ப வலிக்குதா?"

"இல்லப்பா. நீங்க தொடுறதே தெரியல."

"அப்படிச் சொல்லு," என்று அப்பா மகளின் முதுகில் ஆசையாகத் தட்டிக்கொடுத்தது.

மகளுக்கு அதுவும் தெரியவில்லை.