தேனீக்களின் பேரில்

“டவர் வெச்சா தேனீ எல்லாம் செத்துப்பூடும். அப்புறம் மலைத்தேனுக்கு இன்னா பண்ணுவீங்க?”

கல்வராயன் மலைக் கிராமசபையில் ராஜதுரை போட்ட சத்தத்தில் கூட்டமே மிரண்டது. கிராமசபை சம்மதிக்காமல் ஊர்ப் புறம்போக்கில் 5ஜி டவர் வைக்க முடியாது. ‘இடம் இல்லை’ என்று தீர்மானம் நிறைவேறியது.

“எங்க பொழப்ப காப்பாத்திட்டப்பா!” என்று தேனெடுக்கும் காத்தான் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ராஜதுரையால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தேனீ கதையை அவன் காலையில்தான் இட்டுக்கட்டியிருந்தான்.

மாலையில் பாறைக்கு ஏறினான். ஊரில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். வழக்கம்போல் மீனா போனோடு நின்றிருந்தாள்.

“வாங்க, தேனீ தலைவரே! நாளைக்கு நான் கள்ளக்குறிச்சிக்குப் போறேன். இனிமே ஹாஸ்டல்தான்.”

“இன்னாத்துக்கு?”

“டவர் வந்தா வூட்லயே கம்ப்யூட்டர் வேல பாக்கலாம்னு காத்துக்கினு இருந்தேன். பாறை மேல குந்திக்கினு வேல பாக்க முடியுமா? போவட்டும், தேனீங்களாவது பொழைக்கட்டும்.”

டவர் வந்துவிட்டால் மீனா இந்தப் பாறைக்கு வரமாட்டாளே என்றுதான், ராஜதுரை கிராமசபையில் அத்தனை தேனீக்களையும் சாகடித்தான்.