மூன்றாவது விசில்

ஒரு மாடி வீட்டில் பாட்டு கட்டும் லேப்டாப் ஒன்று இருந்தது. மாதக்கணக்கில் ஒரே பாட்டைத்தான் கட்டிக்கொண்டிருந்தது. ஹெட்போனைத் தவிர வேறு யார் காதிலும் அதை விழவிட்டதில்லை. சொன்னால் வெட்கக்கேடு: நல்ல தாளம் ஓடும்போது, நடுவே சமையலறைக் குக்கரின் விசிலும் பதிவாகிவிட்டது. அதை அழித்தால் தாளமும் கூடவே போனது. அதனால் அந்த விசிலோடு பாட்டை நிறுத்திவிடும்.

ஒருநாள் மதியம் ஹெட்போன் ஒயர் நழுவிவிட்டது. பாட்டு வீடெங்கும் கேட்டது, விசிலோடு. லேப்டாப்புக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

"அது என் குரலாச்சே!" என்றது அடுப்பில் இருந்த குக்கர்.

"மன்னிச்சுக்கோ. எப்படியாவது அழிச்சிடறேன்."

"அழிப்பியா? ஒரு விசில்ல நிறுத்தினா அரிசி எப்படி வேகும்? உன் அரைவேக்காட்டுக்கு என் பேரு கெடணுமா?" குக்கர் கோபத்தில் இன்னும் இரண்டு விசில் அடித்தது.

லேப்டாப் அவற்றையும் பதிந்துகொண்டு, தாளத்தைக் கடைசி விசில்வரை இழுத்துக் கட்டியது. பிறகு, கூச்சம் கொஞ்சமும் குறையாமலே, ஒயரைச் செருகாமல் முழுப் பாட்டையும் ஓடவிட்டது.

மூன்றாவது விசிலில் பாட்டு முடிந்தது.

பக்கத்து வீட்டில் யாரோ அவசரமாக ஓடிப்போய் அடுப்பை அணைத்தார்கள்.