உள்ளிருந்து திறந்த கதவு

கொட்டகையில் பாதிப் பன்றிகள் இருமிக்கொண்டு கிடந்தன. கொட்டகை கழுவுகிறவன் மூக்கைச் சிந்தியபடி கேட்டான்.

"இத்தனூண்டு கிருமி எப்படி டாக்டர் இப்படிப் பெருகுது?"

"தனியாப் பெருக அதுக்குத் துப்பில்ல. பன்றியோட செல்லுல இருக்கற புரதங்களே அதை உள்ள விட்டு, அதே மாதிரி ஆயிரம் செஞ்சு குடுக்குது. உனக்கும் காய்ச்சல். வீட்டுப் பக்கமே தலைவச்சுப் படுக்காதே" என்றார் கால்நடை டாக்டர்.

பிள்ளைத்தாய்ச்சி மனைவியைப் போனில் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கொட்டகையிலேயே படுத்தான். காலையில் பால் பாக்கெட்டை வீட்டு வாசலில் வைத்துக் குரல் கொடுத்தான்.

"நான்தான். திறக்காதே."

"யாருங்க அது? எங்க வீட்டுக்காரர் அப்பவே வந்து படுத்துட்டாரே!"

உள்ளே அவன் குரலே கரகரத்தது. "தொறந்து விடும்மா. அவனும் நான்தான்."

தாழ்ப்பாள் நகர்ந்தது. அவன் கதவை வெளியிலிருந்து இழுத்துப் பிடித்தான். உள்ளேயிருந்து இழுத்தது ஒரே ஓர் ஆளின் பலமாக இல்லை.