டூல் பாக்ஸ் எந்தப் பக்கம்?

பழைய போட்டோவைப் பார்த்துப் புதுப்பித்த அப்பாவின் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளில் எல்லாம் பொருந்திவிட்டது. டூல் பாக்ஸ் ஒன்றுதான் அவனை உட்காரவிடாமல் அலைக்கழித்தது.

"வலது பக்கம் ஓட்டை இருக்கே மாப்ள, அங்க மாட்டிட வேண்டியதுதானே?" என்றார் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் மச்சான்.

"அது நடுவுல எவனோ போட்ட ஓட்டை. போட்டோவப் பாருங்க மச்சான், இடது பக்கம்!"

போட்டோவில் அப்பா வண்டிமேல் உட்கார்ந்திருந்தார். நம்பர் பிளேட்டை மறைத்துக்கொண்டு, அரை டிராயர் போட்ட பையனாக அவனே முன்னால் நின்றான். ஆனால் டூல் பாக்ஸ் பளிச்சென்று தெரிந்தது. பூதக்கண்ணாடி வைத்து அதை மட்டும் ஆயிரம் தடவை பார்த்திருந்தான்.

மறுநாள் பழைய வண்டிகள் கண்காட்சி. குட்டி போட்ட பூனையாகப் பட்டறையைச் சுற்றியவன், கடைசியில் அடம்பிடித்து வலது பக்க ஓட்டையை அடைக்கவைத்தான். இடது பக்கம் புதிதாகத் துளை போட்டு, பாக்ஸை மாட்டி, பெயின்ட்டும் அடித்தாயிற்று.

"இப்ப பாரு, அச்சு அசல் அப்பா வண்டி!" என்று மனைவியிடம் போட்டோவை நீட்டினான்.

அவள் வண்டியைப் பார்க்கவேயில்லை. போட்டோவையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போட்டோவுல உங்க மச்சம் ஏன் வலது கன்னத்துல இருக்கு?"

அவன் குனிந்து வண்டிக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தான். "இதோ, போட்டோவுல இருக்கிற மாதிரியேதானே இருக்கு!"

"கண்ணாடியில பாத்தா அப்படித்தான் தெரியும். தினமும் உங்களை நேர்ல பாக்கிறவ நான். ஸ்டூடியோவுல ஃபிலிமைத் திருப்பி வெச்சுப் பிரின்ட் போட்டுட்டாங்க!"

மச்சான் டிரில்லிங் மெஷினின் ஒயரை மறுபடி பிளக்கில் சொருகினார்.