காலையில் என்ன சமைத்தீர்கள்?

"ஃபிராக்கு எவனாச்சும் உள்ள இருக்கானா?"

மைக்ரோலெட் வேனின் வாசலில் ஒரு காலை வைத்துக்கொண்டு, வெட்டுக்கத்தியின் முனையால் தகரத்தைத் தட்டினான் அந்தப் பையன்.

யார் ஆமாம் என்று சொல்வார்கள்? ஃபிராக்கு என்றால் கிழக்கே பிறந்தவர்கள். நான் கிழக்கே பௌகாவ்காரி. வண்டியில் இருந்தவர்களில் வேறு யார் கிழக்கு, யார் மேற்கு என்று எனக்குத் தெரியாது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

வெளியே, பாலத்துக்கு இந்தப் பக்கம், மேற்குப் பையன்கள் வழியை மறித்திருந்தார்கள்; டயர்கள் எரிந்துகொண்டிருந்தன. முன்னால் போன வண்டியிலிருந்து ஒருவரை இறக்கி, கடைகளுக்குப் பின்னால் இழுத்துப் போயிருந்தார்கள். அவருடைய ஒற்றைச் செருப்பு சாலையில் கிடந்தது.

எங்கள் நாடு பிறந்து அப்போது நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. சிப்பாய்களுக்குள் மூண்ட கிழக்கு மேற்குச் சண்டை தலைநகர் டிலியின் தெருக்களுக்கு வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன்பெல்லாம் கிழக்கு, மேற்கு என்பது கல்யாண வீட்டில் கேலி பேசத்தான் பயன்பட்டது.

ஒன்றாம் வகுப்புக்குத் தேத்தும் மொழிப் பாடப்புத்தகம் எழுதும் குழுவில் நானும் ஒருத்தி. நாமெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று ஒரு பாடம் எழுதி, அன்றைக்குத்தான் கொடுத்துவிட்டு வந்தேன். எழுதினால் என் தேத்தும் நாட்டுக்கே பொது. வாயைத் திறந்தால் பௌகாவ்.

பேச்சு ஊரைக் காட்டிக்கொடுக்கும் என்பது அந்தப் பையன்களுக்கும் தெரிந்திருந்தது.

"ஒவ்வொருத்தரா பேசுங்க. பெருசா ஒண்ணும் வேணாம். காலையில என்ன சமைச்சீங்க, அதச் சொல்லுங்க போதும்."

கேள்வி என்னவோ பக்கத்து வீட்டுக்காரி கேட்பது போலத்தான் இருந்தது.

வாசலோரம் இருந்த கிழவர் மரவள்ளிக்கிழங்கு என்றார். பையன் தலையாட்டினான். அவருக்குப் பக்கத்தில் இருந்தவள் சோறும் கீரையும் என்றாள். அதற்கும் தலையாட்டினான்.

கத்தி என் பக்கம் திரும்பியது.

நான் காலையில் மக்காச்சோளம் அவித்திருந்தேன். அதை எப்படிச் சொன்னாலும் செத்தேன் என்று தோன்றியது. ஊமை மாதிரி நடிக்கலாமா என்றுகூட நினைத்தேன். வீட்டில் என் மகள் தனியாக இருந்தாள்.

அப்போது எதிர் பெஞ்சில் இருந்த பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். புகைக்காகத் தலையையும் முகத்தையும் துண்டால் மூடியிருந்தாள். கண் மட்டும்தான் தெரிந்தது. சத்தமாக, கோயிலில் சொல்வது போலவே, 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கினாள்.

முதல் பாதியை ஒருவர் சொன்னால் மறுபாதியைக் கூட்டம் சொல்ல வேண்டும். அது எங்களுக்குப் பால்குடி வயதிலிருந்தே வந்த பழக்கம். அவள் நிறுத்தியதும் வண்டி முழுக்க மறுபாதியைச் சொன்னது. நானும் சொன்னேன்.

இந்தோனேசியக்காரன் ஆண்ட காலத்தில் சாமியார்கள் எங்களுக்குத் தேத்துமில் ஜெபம் கற்றுக்கொடுத்தார்கள். கிழக்கோ மேற்கோ, எல்லோருக்கும் ஒரே ராகம். அந்த ராகத்துக்குள் என் ஊர் எங்கே என்று யாராலும் தேட முடியாது.

வெளியே நின்ற பையன்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒருவன் கையிலிருந்த கல்லைக் கீழே போட்டுவிட்டுச் சிலுவை போட்டான். ஜெபத்துக்கு நடுவில் ஒருவரை இழுத்து அடிக்க அவர்களுக்கும் வரவில்லை.

ஆனால் ஜெபம் முடியுமே!

ஒவ்வொரு ஆமென்னுக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஜெபமாலையில் பத்து முறை ஆனதும் நிறுத்தி, வேறு ஜெபத்துக்கு மாற வேண்டும். அவள் மாறவில்லை. மூச்சுகூட விடாமல் திரும்பத் திரும்ப அதையே தொடங்கினாள். அவள் குரல் நடுங்கியது. இவளும் கிழக்குதான், பாவம், என்று நினைத்துக்கொண்டேன்.

கத்தி வைத்திருந்த பையனின் உதடும் அசைந்தது. அவன் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு மறுபாதியைச் சொன்னான். கத்தி தொடையோரம் தாழ்ந்தது. சாமிக்குப் பயந்த பிள்ளை என்று நினைத்தேன்.

பிறகு வாசலில் வைத்திருந்த காலை எடுத்துவிட்டு, டிரைவரிடம், "போங்கண்ணே" என்றான். அழுதுவிடுவான் போல இருந்தது.

பாலம் தாண்டும் வரை யாரும் ஜெபத்தை நிறுத்தவில்லை. தாண்டியதும் அந்தப் பெண் காசால் கம்பியைத் தட்டி வண்டியை நிறுத்தினாள். நானும் அவளோடு இறங்கிவிட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, நீங்களும் எங்க ஊர்ப் பக்கமா?"

"நான் எர்மேரா" என்றாள்.

மேற்கு மலை. அந்தப் பேச்சைக் கேட்டதும் பிடித்த கையை விட்டுவிட்டேன்.

அவள் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. துண்டை இறக்கி முகத்தைத் துடைத்தாள்.

"கத்தி வெச்சிருந்தானே, அவன் என் மூத்த பையன். அத்தன பேரு முன்னாடி வீட்டுக்கு வாடான்னா வரமாட்டான். என் குரல்ல ஜெபம் கேட்டா மட்டும் கை எறங்குது. விடிஞ்சதுலேருந்து ஏறி எறங்கிட்டே இருக்கேன்மா. எல்லா வண்டியிலயும் நானே இருக்க முடியுமா, சொல்லு?"

அவள் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றாள். பாலத்துக்குத் திரும்பிப் போகிற வண்டி ஒன்று, நிறைய ஆட்களோடு வந்தது. கை நீட்டினாள். இடமில்லை என்று டிரைவர் கையசைத்துவிட்டு நிற்காமல் போனான்.

அவள் துண்டை முகத்தில் இழுத்துக் கட்டிக்கொண்டு, அதன் பின்னால் ஓடத் தொடங்கினாள்.