எல்லோரும் நிற்கும் வெள்ளிக்கிழமை

“அந்த மாமா மட்டும் ஏனுங்கப்பா நிக்கறாரு?”

“அவிங்கம்மா தவறிட்டாங்க, கண்ணு.”

“பாவம். எல்லாரும் உக்காந்திருக்க, அவரு மட்டும் தனியா.”

“தனியா நின்னாத்தான நமக்குத் தெரியும், யாரு வீட்டுக்குச் சோறு கொண்டுபோகணும்னு.”

ஜெப ஆலயத்திலிருந்து திரும்பியதும் அம்மாவைத் தக்காளி சாதம் கிளறச் சொன்னார் அப்பா. காரில் பாத்திரம் சின்னப் பெண்ணான அவள் மடியில்தான் இருந்தது. துண்டைத் தாண்டிச் சுட்டது.

அப்பா நியூ ஜெர்சியில் பிறந்த யூதர். பொள்ளாச்சியில் பெண்ணெடுத்து, மாமியார் வீட்டுத் தமிழை அப்படியே பிடித்துக்கொண்டவர்.

போன ஜூனில் அவரும் தவறிவிட்டார்.

ஆகஸ்டில் அவள் இந்தக் கல்லூரிக்கு வந்தாள்.

சுற்றிலும் சோளக்காடு. நடுவில் சின்னக் கல்லூரி. அதன் ஓரத்தில், யூத மாணவர்களுக்கென்று ஒரு மஞ்சள் வீடு. வெள்ளிக்கிழமை மாலை அத்தனை பேரும் ஒரே மேசையைச் சுற்றி அடங்கிவிடுவார்கள்.

மெழுகுவத்தி ஏற்றக் கூடாதென்பது விடுதிச் சட்டம். பேட்டரி விளக்குகள் துடிப்பதுபோல் நடிக்கும்.

சாப்பாட்டுக்கு முன் ஜெபம். ஜெபத்தின் முடிவில் காடிஷ்.

இறந்தவர்களுக்காகச் சொல்வது. அறைக்குள் தனியாகச் சொல்ல முடியாது. கூட்டம் வேண்டும், ஆமென் சொல்ல. பெற்றவரை இழந்த பிள்ளை பதினோரு மாதம் எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

அதற்காகத்தான் முதல் வெள்ளியன்று அவள் வந்தாள்.

வந்தவளை ஷிரா கட்டிக்கொண்டாள். மூன்றாம் ஆண்டு மாணவி. ஜெபம் நடத்துவது, ரொட்டி சுடுவது, யாருக்குக் காய்ச்சல் என்று விசாரிப்பது எல்லாம் அவள்தான்.

“காடிஷுக்கு இங்க எல்லாருமே எழுந்துடுவோம். யாரையும் தனியா நிக்க விடமாட்டோம்.”

நல்ல வழக்கம். எத்தனை அன்பான வழக்கம்.

அவள் தலையாட்டினாள்.

அன்று எல்லோரும் எழுந்தார்கள். அவளும் எழுந்தாள். எல்லோரும் சொன்னார்கள். அவளும் சொன்னாள்.

அவள் அப்பாவை இழந்தவள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த வெள்ளியும் தெரியவில்லை.

பனி விழுந்த வெள்ளிகளில் ஈரக் காலணிகளோடு நின்றார்கள். பக்கத்தில் நிற்பவன் எழுத்துப் பிசகாமல் உரக்கச் சொல்வான். கண் மட்டும் ரொட்டி மூடிய துணி மேல். அவனுடைய குரலுக்குள் அவளுடைய குரல் மூழ்கிப்போகும். அப்பாவின் பெயரை மனதுக்குள் சொல்லிக்கொண்டு உட்காருவாள். உடனே ரொட்டி வரும். யாராவது ஏதாவது சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

பாத்திரம் துடைக்கும்போது அப்பாவைப் பற்றி ஷிராவிடம் சொல்லிவிட வாய் எடுப்பாள்.

“உப்பை எங்கே வைக்க?” என்று கேட்பாள்.

அம்மா தொலைபேசியில் கேட்டாள். “பக்கத்துல யாரு நிப்பா?”

“எலி.”

“எலியா? நெசமாவே அதான் பேரா?”

வெகு நாளைக்குப் பிறகு அம்மா சிரித்தாள். சிரித்து முடித்து, மூக்கை உறிஞ்சினாள்.

“அப்ப நீ தனியா இல்ல.”

“இல்லம்மா.”

மே மாதம் வந்துவிட்டது. அடுத்த வாரம் பரீட்சை முடிந்து எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். பதினோரு மாதமும் முடிகிறது.

அப்பாவுக்காக இங்கே சொல்ல இதுதான் கடைசி வெள்ளி.

சன்னலுக்கு வெளியே யாரோ டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஷிரா புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினாள். காடிஷுக்குக் கண்ணால் சைகை காட்டினாள்.

நாற்காலிகள் தரையில் உரசின. எல்லோரும் எழுந்தார்கள்.

எலி தொண்டையைச் செருமினான்.

“ஒரு நிமிஷம்,” என்றாள் அவள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை முகத்திலும் கனிவு. அந்தக் கனிவைத் தாங்க முடியாமல் அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஷிரா பதறிப்போய் அவளுடைய நாற்காலியை அருகே இழுத்தாள்.

“முகமெல்லாம் வெளிறிப்போச்சு. நீ உக்காந்துக்கோ. நாங்க சொல்றோம்.”

அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

“இல்ல ஷிரா. நீங்கெல்லாம் உக்காருங்க.”

அவள் புத்தகத்தைக் கையில் எடுத்தாள்.

“இன்னிக்கு நான் மட்டும் நிக்கறேன்.”