எழ முடியாத நாற்பது நொடிகள்

நிலநடுக்கத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. போர்ட் பிளேர் மைதானம் நிரம்பிவிட்டது. அந்தமானுக்கு அடியில் இந்தியத் தட்டு இன்று சரியாக நான்கு மணிக்கு நழுவும் என்று போன மாதமே அறிவித்திருந்தார்கள். அம்மா புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

நாளை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் அப்பாவிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆனால் பிடிக்காத பேச்சு வருகிறது என்று தெரிந்தாலே அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இதுவரை மூன்று முறை அப்படித்தான் ஆனது.

"எவ்வளவு நேரம்மா ஆடும்?" என்றார் அப்பா.

"நாப்பது செகண்டுப்பா. எழுந்தா விழுந்துடுவீங்க. உக்காந்தே இருக்கணும்."

நான்கு மணிக்குத் தரை உருண்டது. புளியோதரைத் தூக்கு குதித்தது. குழந்தைகள் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். அப்பா இரண்டு கைகளாலும் புல்லைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

அவர் கண்கள் செருப்பைத் தேடின. அது தானாகவே நடந்து தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

"சீக்கிரம் சொல்லித் தொலையேன்டி, நின்னுடப் போகுது!" என்றாள் அம்மா.

"நானும் எதிர்வீட்டு பிலிப்பும் போன மாசமே ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கிட்டோம்ப்பா."